இலவச மாத்திரையை ஏன் பாதியில் விடுகிறார்கள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. உங்கள் தறிப்பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவருக்குக் காசநோய். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம், மாதம் இவ்வளவு என்று பணமும் வருகிறது. இருந்தும் மூன்றாவது மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டார். "செலவே இல்லாத வைத்தியத்தை விடுகிறார் என்றால் அது அலட்சியம்தானே? நான் கொஞ்சம் பணம் கொடுத்தால் திரும்பப் போடுவாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இலவச வைத்தியத்தில் நோயாளி கையிலிருந்து உண்மையிலேயே எதுவும் போவதில்லையா என்பது ஒன்று. பணம் கொடுத்தால் அது மாத்திரையாக மாறுமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு அவ்வளவு உறுதி கிடையாது.

நான் டாக்டர் இல்லை. அரசு காசநோய்த் திட்டத்தில் சிகிச்சை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மாத்திரையை நிறுத்தியவர்களின் வீட்டைத் தேடிப் போய், திண்ணையில் உட்கார்ந்து பேசி, திரும்ப அழைத்து வருவது என் வேலையில் பெரும்பகுதி. அந்த அனுபவத்தையும், இது பற்றிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பார்க்க வேண்டும். காசநோயில் கைக்காசு கரைவது பெரும்பாலும் முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்னால். இருமல் வந்தவுடன் யாரும் டிபி ஆபீசுக்கு வருவதில்லை. மெடிக்கல் ஷாப்பில் இருமல் சிரப், தெருமுனை கிளினிக்கில் ஊசி, குறையவில்லை என்றால் இன்னொரு டாக்டர், அவர் எழுதும் விலை கூடிய ஆன்டிபயாடிக், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, சிலருக்கு சிடி ஸ்கேன் வரைக்கும் போகும். சளியைப் பரிசோதித்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கக்கூடிய விஷயம் தெரியவருவதற்குள் இரண்டு மூன்று மாதம் ஓடியிருக்கும், மூன்று நான்கு இடங்கள் மாறியிருப்பார்கள். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2014-ல் ஒரு பெரிய மதிப்பாய்வு வந்தது. காசநோயாளிக்கு ஆகும் மொத்தச் செலவில் சராசரியாகப் பாதி, காசநோய்ச் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே ஆகிவிடுகிறது என்று அதில் கண்டார்கள். அந்த மொத்தத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் மருந்தோ டாக்டர் ஃபீஸோ இல்லை, போன கூலி. மீதி 40-ல் பாதி வைத்தியச் செலவு, பாதி பஸ், சாப்பாடு போன்றவை. ஆக, அரசு இலவசமாக்கியிருப்பது இந்தக் கணக்கின் ஒரு ஓரத்தை மட்டும்தான். அதுவும் முக்கியமான ஓரம் என்பதை மறுக்கவில்லை. தனியாரில் ஆறு மாத மாத்திரையைக் காசு கொடுத்து வாங்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

போன கூலியைப் பற்றி நம் ஊர்க் கணக்கே இருக்கிறது. சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் (இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) தென்னிந்திய நோயாளிகளிடம் கேட்டு 1999-ல் வெளியிட்ட ஆய்வு அது. சராசரியாக மூன்று மாதக் கூலி போயிருந்தது. கடன் ஏறியிருந்தது. பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளில் ஐந்தில் ஒரு பங்கினர் படிப்பை நிறுத்தியிருந்தார்கள். கால் நூற்றாண்டுக்கு முந்தைய கணக்குதான், ரூபாய் மதிப்பு எல்லாம் மாறிவிட்டது. ஆனால் ஓடின தறிக்குத்தான் கூலி என்கிற இடத்தில் நோய் வந்தால் என்ன ஆகும் என்பது மாறவில்லை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி, ஏன் சரியாக மூன்றாவது மாதம்? நான் தேடிப் போன வீடுகளில் பெரும்பாலும் இரண்டாம் மாதம் முடிந்து நான்காம் மாதத்துக்குள்தான் நிறுத்தியிருப்பார்கள். அதற்கு உடம்பு சொல்லும் காரணம் ஒன்று உண்டு. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரை. அதில் கிருமிகளில் பெரும்பங்கு செத்துவிடும். காய்ச்சல் நின்றுவிடும், இருமல் குறைந்துவிடும், எடை ஏறும். ஒளிந்திருக்கும் கொஞ்சக் கிருமிகளை ஒழிக்கத்தான் மீதி நான்கு மாதம், ஆனால் அவை இருப்பது நோயாளிக்குத் தெரியாது. உடம்பு சரியாகிவிட்டது என்பதுதான் அவருக்குத் தெரியும். காசு சொல்லும் காரணமும் அதே மாதத்தில்தான் வந்து நிற்கிறது. நோய் தெரிவதற்கு முன் வாங்கிய கடனுக்கு வட்டிக்காரர் வாசலுக்கு வருவார். மகளிர் குழு லோன் தவணை தவறியிருக்கும். மனைவியின் கம்மல் அடகுக் கடையில் இருக்கும். உடம்பில் தெம்பு வந்த அன்றே மனிதர் வேலைக்கு ஓடுகிறார். இழந்ததைப் பிடிக்க டபுள் ஷிப்ட் பார்க்கிறார், அல்லது சம்பளம் கூடுதல் என்று வேறு ஊருக்குப் போகிறார். மாத்திரை தீர்ந்தால் போய் வாங்கிவர ஒரு காலை வேளை வேண்டும், அதற்கு ஒரு நாள் கூலி போகும். உடம்பு நன்றாக இருக்கும்போது நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்றுதான் தோன்றும். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு இது அலட்சியமாகத் தெரிகிறது.

பசியையும் இங்கே சொல்ல வேண்டும். டாக்டர்கள் எழுதும் தாளில் இது வராது. நோய் குறையத் தொடங்கியதும் பசி திரும்பி வரும், அதுவும் பயங்கரமாக. "மாத்திரை போட்டா பசி கொல்லுது சார், ரேஷன் அரிசியே இருபதாம் தேதிக்கு மேல இல்ல" என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். வெறும் வயிற்றில் போட்டால் சிலருக்குக் குமட்டல், வாந்தி. சாப்பாடு இல்லாத நாளில் மாத்திரையைத் தள்ளிப்போடுவது அப்படித்தான் தொடங்குகிறது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் முட்டை யாருக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

திட்டமே நோயாளிக்குச் செலவு வைத்த காலமும் உண்டு. 1997-ல் தொடங்கிப் பின்னர் நாடு முழுக்க விரிந்த டாட்ஸ் முறையில், முதல் இரண்டு மாதம் வாரம் மூன்று நாள் நேரில் வந்து எங்கள் கண் முன்னால் விழுங்க வேண்டும். பாதியில் விடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் கூலி வேலைக்காரருக்கு வாரம் மூன்று காலைப் பொழுது என்றால் சும்மாவா? மாத்திரையைக் காப்பாற்றுவதற்காகச் செய்த ஏற்பாடே சிலருக்கு மாத்திரையை விடுவதற்குக் காரணமானது. 2017-ல் தினசரி மாத்திரை முறை வர ஆரம்பித்த பிறகு, வீட்டுக்கே கொடுத்தனுப்புவதால் இந்தச் சுமை நன்றாகக் குறைந்திருக்கிறது. இன்னும் பின்னால் போனால், இதே சென்னையில் 1956-ல் தொடங்கி 1959-ல் வெளியான ஆய்வில், 193 நோயாளிகளைப் பிரித்து, பாதிப் பேரை சானடோரியத்திலும் (காசநோயாளிகளைத் தங்கவைக்கும் ஆஸ்பத்திரி) பாதிப் பேரை வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நெரிசலான வீட்டில் எளிய சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குணமானது. வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றும் கூடவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்களை மூட வைத்த ஆய்வு அது. பெரிய சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் சானடோரியத்தில் சாப்பாடும் படுக்கையும் அரசு கணக்கு. வீட்டில் இருந்தபடி மருந்து எடுக்கும் முறையில் அந்தக் கணக்கு குடும்பத்தின் தலையில் ஏறியது. அதைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கு இன்னும் ஐம்பது வருஷம் ஆகிவிட்டது என்பது என் வருத்தம்.

சரி, செலவுக்கும் சிகிச்சை கெட்டுப்போவதற்கும் உள்ள தொடர்பு எவ்வளவு உறுதி? காசநோயால் ஒரு குடும்பத்துக்கு ஆகும் மொத்தச் செலவு, போன வருமானத்தையும் சேர்த்து, ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பேரழிவுச் செலவு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. 2020-க்குள் அப்படி ஒரு குடும்பம்கூட இருக்கக் கூடாது என்பது இலக்காக இருந்தது. பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்புகளைச் சேர்த்து 2023 அறிக்கையில் சொன்னது, சராசரியாக 49 சதவீதக் குடும்பங்கள் அந்தக் கோட்டைத் தாண்டுகின்றன என்று. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் என்றால் 82 சதவீதம். இவை பெரும்பாலும் மாத்திரை இலவசமாகக் கிடைக்கும் நாடுகள் என்பதைக் கவனியுங்கள்.

அந்த 20 சதவீதக் கோட்டுக்குப் பின்னால் இருப்பது பெரு நாட்டு ஆய்வு. தலைநகர் லிமாவின் குடிசைப் பகுதிகளில் 876 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2014-ல் வெளியிட்டார்கள். அங்கேயும் சிகிச்சை இலவசம். செலவு இந்தக் கோட்டைத் தாண்டிய வீடுகளில் இறப்பு, பாதியில் விடுவது, குணமாகாமல் போவது, நோய் திரும்புவது எல்லாம் கூடுதல். அவர்கள் போட்ட கணக்கில், கெட்ட முடிவுகளில் சுமார் 18 சதவீதத்துக்குச் செலவோடு தொடர்பு. மருந்து எதிர்ப்புக் கிருமிக்கு 20 சதவீதம். அதாவது, எல்லோரும் பயப்படுகிற கிருமியும் யாரும் பேசாத கடனும் கிட்டத்தட்ட ஒரே அளவு கெடுதல் செய்திருக்கின்றன. உங்கள் முதல் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் இங்கேதான் நிதானம் வேண்டும். தொடர்பு இருப்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. நோய் முற்றியவருக்குச் செலவும் கூடும், பிழைப்பதும் கடினம். பெரு ஆய்வில் இதையெல்லாம் கழித்துத்தான் பார்த்தார்கள், என்றாலும் முழுசாகக் கழிக்க முடியாது. பணத்தைக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கொடுத்துப் பார்த்தவர்களின் முடிவு கலவையாகத்தான் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் 20 கிளினிக்குகளைப் பிரித்து, ஒரு பாதியில் மாதம் 120 ராண்டுக்கு உணவுக் கூப்பன் கொடுத்தார்கள். 2013-ல் வந்த முடிவு: கூப்பன் கிடைத்த பக்கம் சுமார் 76 சதவீதம் பேருக்கு வெற்றி, மற்ற பக்கம் 71. தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய வித்தியாசம்தான் அது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் வேறு கதை. "இவருக்குத் தேவை, அவருக்குத் தேவையில்லை" என்று நர்சுகளே முடிவு செய்து, கிடைக்க வேண்டிய பலருக்குக் கூப்பனைக் கொடுக்கவே இல்லை. தவறாமல் வாங்கியவர்கள் நன்றாகவே முடித்திருந்தார்கள். கிழக்குத் திமோரின் திலி நகரில் தினம் சாப்பாடு போட்டுப் பார்த்தார்கள். எடை கூடியது, ஆனால் சிகிச்சையை முடித்தவர்கள் எண்ணிக்கை கூடவில்லை. பெருவில் பணத்தோடு வீட்டுக்குப் போய்ப் பேசுவதையும் சேர்த்துச் செய்தபோது மட்டும் முடித்தவர்கள் கூடினார்கள். பணம் வேலை செய்ததா, ஆள் போய்ப் பேசியது வேலை செய்ததா என்று பிரிக்க முடியவில்லை. என் அனுபவத்தில் இரண்டும் வேண்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை மட்டும் இப்போது சந்தேகம் குறைந்திருக்கிறது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை நடந்த 'ரேஷன்ஸ்' என்ற ஆய்வில் நோயாளிக்கு மாதம் 10 கிலோ உணவுப் பை, அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் எல்லாம் சேர்த்து. நோயாளி எல்லோருக்கும் அந்தப் பை கிடைத்தது. ஆய்வின் ஒரு பாதியில் வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் அரிசி, பருப்பு கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. நோயாளியின் எடை முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் கூடியிருந்தால் இறக்கும் ஆபத்து சுமார் 60 சதவீதம் குறைவு. ஆனால் இது உயிர் பிழைப்பதைப் பற்றியது. மாத்திரையை விடாமல் போடுவதற்கு அப்படியே சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

எல்லாம் காசுதான் என்றும் நான் சொல்லவில்லை. குடி ஒரு பெரிய காரணம், ஆண்களில் குறிப்பாக. வெட்கம் இன்னொன்று. ஆனால் இவையும் கடைசியில் செலவாகத்தான் மாறுகின்றன. மாமியாருக்குத் தெரியக் கூடாது என்று பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தை விட்டுவிட்டு இருபது கிலோமீட்டர் தள்ளிப் போய் மாத்திரை வாங்கும் மருமகளுக்கு, வெட்கத்தின் விலை ஒவ்வொரு முறையும் பஸ் நேரமும் ஒரு பொய்யும். அவள் சமைப்பதும் தண்ணீர் தூக்குவதும் யாருடைய வருமானக் கணக்கிலும் வராது. அதனால் அவள் படுத்தால் எவ்வளவு போயிற்று என்று எந்த ஆய்வும் சரியாக எழுதுவதில்லை.

நீங்கள் சொன்ன அரசுப் பணம் நிக்ஷய் போஷண் திட்டம், காசநோயாளிக்குச் சத்தான சாப்பாட்டுக்கென்று கொடுப்பது. 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பரிலிருந்து 1,000. இப்போது தொடக்கத்தில் 3,000, கிட்டத்தட்ட மூன்று மாதம் கழித்து இன்னொரு 3,000 என்று இரண்டு தவணையாக வங்கிக் கணக்கில் வர வேண்டும். வர வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். கணக்கு செயல்படாமல் கிடக்கும், ஆதார் இணைந்திருக்காது, பெயர் எழுத்து மாறியிருக்கும், பணம் சிகிச்சை முடிந்த பிறகு வரும். மாத்திரையே இலவசமாக இல்லாமல் போன நாளும் உண்டு. 2024 தொடக்கத்தில் தட்டுப்பாடு வந்தபோது மாநிலங்கள் உள்ளூரில் வாங்கிச் சமாளிக்கட்டும் என்று மத்திய அரசே சொன்னது. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் ஆறு மாதத்துக்கு 6,000 ரூபாய். உங்கள் பட்டறையில் ஒரு ஆள் மூன்று மாதம் வராவிட்டால் அவருக்கு எவ்வளவு போகும் என்பதை நீங்களே பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இனி உங்கள் ஆளுக்கு என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். நேரில் பார்க்காததால் பொதுவாகத்தான் சொல்ல முடியும். முதலில், வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரை அட்டையை எடுத்து அவராகவே மறுபடியும் போட ஆரம்பிக்க வேண்டாம். எத்தனை நாள் இடைவெளி என்பதைப் பொறுத்து, சளியை சிபிநாட் போன்ற கருவியில் மறுபடி பரிசோதித்து மருந்து எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதே சிகிச்சையைத் தொடர்வதா, முதலிலிருந்தா என்பதை டாக்டர் சொல்வார். எதிர்ப்பு வந்திருந்தாலும் முன்போல இரண்டு வருஷ மருந்து, அதில் மாதக்கணக்கில் ஊசி என்ற நிலை இல்லை. தகுதியானவர்களுக்கு ஆறு மாத மாத்திரைச் சிகிச்சைக்கு 2024-ல் நம் நாட்டிலும் அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் அந்த மருந்துகளின் பக்கவிளைவு கடுமை. பரிசோதனை முடிவு தெரியும்வரை அவரை மூடிய பட்டறைக்குள் வர வைக்காதீர்கள். சரியான மருந்து சில வாரம் தொடர்ந்து போனபின் தொற்றும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது டாக்டரிடம் கேட்டு வேலைக்கு எடுங்கள்.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்களே, என் யோசனை இது. அட்வான்ஸ் என்று கொடுக்காதீர்கள். அது அவருக்கு இன்னொரு கடன், அதைக் கழிக்க இன்னொரு டபுள் ஷிப்ட். அதற்குப் பதில், மாத்திரை வாங்கப் போகும் நாளுக்குக் கூலி பிடிக்காதீர்கள். நைட் ஷிப்டிலிருந்து எடுத்துவிடுங்கள். முடிந்தால் ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் லேசான வேலை கொடுத்து, திரும்பி வந்தால் இடம் இருக்கும் என்று வாயால் சொல்லுங்கள். கையில் கொடுப்பதாக இருந்தால் மளிகையாகக் கொடுங்கள், வீட்டில் உள்ள எல்லோருக்கும் காணும் அளவில். நோயாளிக்கு மட்டும் கொடுத்தால் அது அவருக்கு மட்டும் போகாது.

அப்புறம், அவருக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்கிறதா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருப்பவர்களுக்கு அது பொருந்தும், உங்கள் பட்டறையில் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் நீங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். காசநோய் அவர்களின் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. சாதாரண நோய்க்கால உதவியாக 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்து சந்தாவும் போதுமான அளவு கட்டியிருந்தால், அதற்கு மேல் 80 சதவீதமாக நீட்டிப்பார்கள், அதிகபட்சம் இரண்டு வருஷம் வரை. தகுதி இருந்தும் இதை வாங்காமல் விட்டவர்கள்தான் நான் பார்த்ததில் அதிகம், காரணம் முதலாளியும் சொல்லவில்லை, நாங்களும் சரியாகச் சொல்லவில்லை. இஎஸ்ஐ இல்லாத விவசாயக் கூலிகளுக்கு உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் மாத உதவி உண்டு, அது தாலுகா ஆபீஸ் வழியாக. உங்கள் ஆள் வீட்டில் யாராவது அதில் உறுப்பினரா என்றும் கேட்டுப் பாருங்கள்.

நிக்ஷய் பணம் வந்ததா என்பதை அந்தப் பகுதி மேற்பார்வையாளரிடம் அவருடைய நிக்ஷய் எண்ணை (சிகிச்சைக்குப் பதியும்போது கொடுத்த எண்) சொல்லிக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அவர் யார் என்று தெரியாவிட்டால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கூப்பிடலாம். கூப்பிடுவதை அவரிடமே விடாமல் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் அதையும் அன்றே சொல்லிவிடுங்கள், அந்தக் குழந்தையைத் தனியாகப் பரிசோதித்துத் தடுப்பு மருந்து தொடங்க வேண்டியிருக்கும்.